செவ்வாய்க்கிழமை அமாவாசை

நாற்பத்தொன்றாவது பெயருக்கு நேராகச் சாய்கோடு போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போது தறிச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு தறி. கங்கையம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. யாரோ நேற்றைய மிச்சத்தை முடிக்கிறார்கள் என்று நினைத்தாள். அடுத்து எதிர்வரிசையில் ஒன்று. பிறகு அதற்குப் பக்கத்து வீடுகளில் இரண்டு. வருகைப் பதிவேட்டின் மேல் மை ஒற்றும் தாளை வைத்து அழுத்திக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள்.

"சார்" என்றாள்.

தலைமையாசிரியர் வீராசாமி அடுத்த அறையில் நாற்காலி மேல் ஏறி நின்று படங்களுக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா?"

"தறி ஓடுது சார்."

"ஓடினா ஓடிட்டுப் போவுது" என்றவர் துணியோடு திரும்பினார். "இன்னிக்கு அமாவாசைன்னியே?"

"அமாவாசைதான்."

"அப்ப தறி எப்பிடிம்மா ஓடும்?"

 மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. எதிரே ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பதிவேட்டில் நாற்பத்தொரு பேர் வந்திருப்பதாக நீல மையில் இருந்தது. பத்தரைக்குத் துணை ஆய்வாளர் வருகிறார்.

பதினோரு வருடத்தில் பிள்ளை வருமுன் அவள் கோடு போட்டதில்லை. அன்றைக்குப் போட்டதும் வீராசாமி சொல்லித்தான். அமாவாசையென்றால் பிள்ளைகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு, பத்து மணி சுமாருக்குத்தான் ஒரே கூட்டமாக வரும். "எப்படியும் எல்லாம் வரப்போவுது. அந்த ஆள் வர்றப்ப மை ஈரமா இருந்தா அசிங்கம். போட்டு வெச்சுடும்மா" என்றார். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. அமாவாசையன்று ஒரு பிள்ளைகூட வராமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

அது நகராட்சித் தொடக்கப்பள்ளி. ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். ஒன்று முதல் மூன்று வரை வீராசாமி பார்த்துக்கொண்டார். நான்கும் ஐந்தும் கங்கையம்மாளுடையவை. மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஒழுங்காக வரும். அதற்கப்புறம்தான் வராது. பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை இன்னொரு நிறமுமாக நெய்ய வேண்டுமானால், நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய கரை நாடாவைத் தள்ளிவிட இன்னொரு ஆள் வேண்டும். அந்தத் தெருவில் அந்த ஆளுக்குப் பெரும்பாலும் எட்டு வயது, ஒன்பது வயது. அவர் எழுந்து போனால் தறி நின்றுவிடும்.

ஐம்பத்தெட்டில் அவள் இந்தப் பள்ளிக்கு வந்தபோது மேல்வகுப்பு இரண்டிலும் சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். முன்பிருந்தவர் வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்துவிட்டு, மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். கங்கையம்மாள் யார் வீட்டுக்கும் போய்ச் சத்தம் போடவில்லை. முதல் ஒரு மாதம் தெருவில் சும்மா நடந்தாள். எந்த வீட்டில் எப்போது சாப்பிட உட்காருகிறார்கள், எந்த வீட்டில் தறியில் பழைய பாவு நூல் தீர்ந்து புதுப் பாவு பிணைக்கிறார்கள், எங்கே நெய்கிறவருக்கு இடுப்பு வலி என்று தெரிந்துகொண்டாள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "தறி நிக்கிற நேரத்துக்கு அனுப்புங்க. ஒரு மணி நேரமானாலும் போதும்."

அப்படித்தான் அந்த வகுப்பு நடந்தது. பதினொன்றரைக்கு நாலு பேர் வருவார்கள், அந்த நாலு பேருக்கும் பாடம். அவர்கள் போகும்போது வேறு ஐந்து பேர் வருவார்கள். வந்ததும் பெயருக்கு நேரே கோடு. ஒரே கணக்கை ஒரு நாளில் ஏழு தடவை போடுவாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தால் முப்பத்தைந்து, முப்பத்தெட்டுக் கோடுகள் விழுந்திருக்கும். ஒரே நேரத்தில் வகுப்பில் பத்துப் பேரைத் தாண்டாது.

இது அவள் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் படித்ததல்ல. அவள் பிறந்தது பாலாற்றுக்குத் தெற்கே, மழையை நம்பிய மேட்டுக்காட்டில். அப்பா கோதண்டபாணிக்கு நாலு ஏக்கர். வேர்க்கடலை, கேழ்வரகு, சோளம். ஒரு மூலையில் ஒரு கேணி. அதில் அப்பா மாட்டைப் பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார், அவள் கீழே மண்வெட்டியோடு நின்று மடை திருப்புவாள். கேணியில் ஊறுவது கொஞ்சம். எல்லாப் பாத்திக்கும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் ஒன்றும் நனையாது. ஒரு பாத்தி நிறைந்ததும் அதை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். ஏழு வயதிலிருந்து அதுதான் அவள் வேலை.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவள் பள்ளிக்கு வராததைக் கேட்க ஊர் வாத்தியார் கேணிக்கே வந்துவிட்டார். மாடு பாதிச் சரிவில் நின்றது. தண்ணீர்ச் சால் கேணியில் பாதியில் தொங்கியது. "பொண்ணை மாடா அடிக்கிறியே, நீ மனுசனா?" என்று வாத்தியார் கேட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அதன் பிறகு வாத்தியாரின் குடை வரப்பில் தெரிந்தால், "போய்ச் சோளத்துக்குள்ள உக்காரு" என்பார் அப்பா. கங்கையம்மாள் சோளத்துக்குள் உட்கார்ந்திருப்பாள். இப்படி ஒரு வருடம் போயிற்று.

அப்புறம் அவள் படித்தது அமாவாசையில்தான். அன்று ஏர் கட்ட மாட்டார்கள், கவலையும் ஓட்ட மாட்டார்கள். மாட்டைக் குளிப்பாட்டி விட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு மைல் தள்ளி மிஷன் பள்ளியில் அன்னம்மாள் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். மாதத்தில் ஒருநாள் மட்டும் வந்து உட்காரும் பெண்ணைப் பார்த்து அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மாதப் பாடத்தையும் அன்று ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்து, அடுத்த மாதத்துக்கு வீட்டுக்கணக்கு எழுதிக்கொடுத்து அனுப்பினார். ஒன்றரை வருடம் அப்படி. பிறகு கோதண்டபாணியே ஒருநாள், எதிர்வீட்டுக்காரரிடம் ஏதோ கடுதாசியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அவமானப்பட்டு வந்து, "நாளைக்கிருந்து தெனம் போ" என்றார். மடை திருப்ப அவள் அம்மா இறங்கினாள்.

ஆகவே பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று தறிகள் ஓயும் என்பதை முதல் மாதம் கண்டபோது அவளுக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. பரீட்சை, புதுப் பாடம், தேசப்படம், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சொல்ல வேண்டியது எதுவானாலும் அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமையில் அமாவாசை வந்தாலும் பள்ளியைத் திறந்தாள். இரண்டாவது பெண் பிறந்த பதினாறாம் நாள் அமாவாசை. பச்சை உடம்போடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். தெருப் பெண்கள் அவளைத் திட்டித் தீர்த்து, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள்.

ஆய்வுக்கு வருவோம். அந்த வருடம், அறுபத்தொன்பதில், மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஆய்வு நாளன்று மேல்வகுப்புகளில் முப்பது பேருக்குக் குறைந்தால் இரண்டாவது ஆசிரியர் இடத்தை எடுத்துவிடலாம் என்று. இடம் போனால் கங்கையம்மாளுக்குச் சம்பளம் போகாது, வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான். ஆனால் இங்கே நாலும் ஐந்தும் மூடப்படும். அடுத்த பள்ளி பெரிய சாலையைத் தாண்டி ஒன்றரை மைல். சாப்பாட்டுக்குத் தறி நிற்கும் ஒரு மணி நேரத்தில் அங்கே போய்த் திரும்ப எந்தப் பிள்ளையாலும் ஆகாது.

துணை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஒரு பியூன் வந்து, "செவ்வாயா, புதனா, எது சவுரியம்னு கேட்டாரு" என்றபோது வீராசாமி அவளைத்தான் பார்த்தார். அதற்கு முந்தின ஞாயிறு அவள் ஊருக்குப் போயிருந்தாள். "செவ்வாக்கெழம ஏர் கட்டக் கூடாது, அமாவாச" என்று அப்பா ஆளிடம் சொன்னதைக் காதால் கேட்டிருந்தாள். இருந்தாலும் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். செவ்வாய், சதுர்த்தசி காலை 9.40 வரை, பிறகு அமாவாசை. புதன், அமாவாசை காலை 8.15 வரை, பிறகு பிரதமை. செவ்வாய் பகலெல்லாம் அமாவாசை, இராத்திரியெல்லாம் அமாவாசை. புதன்கிழமை எட்டேகாலுக்கே போய்விடுகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "செவ்வாய்" என்றாள்.

"போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார் வீராசாமி. "இன்னும் அரை மணி இருக்குது. நாலு வீட்ல சொல்லு. பசங்கள ஒரு மணி நேரம் அனுப்பினா போதும்."

அவள் தெருவில் இறங்கினாள். இரண்டு பக்கமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் வீடு ராமலிங்கத்தினுடையது. அவர் குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். இடது பக்கத்தில் அவர் பெண் கலாவதி, நான்காம் வகுப்பு, கரை நாடாவோடு உட்கார்ந்திருந்தாள். தறியில் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை.

"வாங்க டீச்சர்" என்றார் ராமலிங்கம், கை நிறுத்தாமல். "இன்னா காலங்காத்தால இந்தப் பக்கம்?"

"தறி ஓடுதேன்னு பாத்தேன்ணா."

"ஓடாம? நாளைக்குத்தான அமாவாச."

"காலண்டர்ல இன்னிக்கு ஒம்போதே முக்காலுக்கே வந்துடுதே."

"வரும். சூரியன் எழும்பறப்ப இருந்துதா? இல்லியே. எழும்பறப்ப எது இருக்குதோ அதான் எங்களுக்கு நாளு. நாளைக்கு எழும்பறப்ப இருக்கும் பாருங்க. கோயில்லயும் அதையேதான் சொல்லிக்கீறாங்க."

"எங்க ஊர்ல இன்னிக்கு ஏர் கட்டல."

ராமலிங்கம் சிரித்தார். "நீங்க மாட்டுக்கு லீவு உடறீங்க. மாட்டுக்கு மத்தியானத்துலேர்ந்து லீவுன்னா சரிதான். நாங்க பாவுல கை வெச்சுட்டு நடுவுல எழுந்திரிக்க முடியுமா?"

அவர் மனைவி தில்லையம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "டீச்சர், மூஞ்சி ஏன் வெளுத்துப் போயிருக்குது? சாப்டீங்களா இல்லியா?"

"சாப்டேன் தில்லையம்மா. கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர் வருகிற வரை நின்றாள். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். சொன்னால் ராமலிங்கம் தறியை நிறுத்திவிடுவார், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. எதிர்வீட்டுக்காரரையும் அவரே நிறுத்த வைப்பார். அரை மணியில் முப்பது பேர் வந்துவிடுவார்கள். இந்தச் சேலை வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு என்பதும், புதன் அமாவாசையில் போனால் அவருக்கு இருப்பது இன்றும் வியாழனும்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். தறி ஓடுகிற நேரத்தில் டீச்சர் வந்து பிள்ளையைக் கேட்டாள் என்று ஒருமுறை ஆகிவிட்டால், அடுத்த முறை அவள் தெருமுனையில் தெரியும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். அவளே சோளத்துக்குள் உட்கார்ந்திருந்தவள்.

"டீச்சர், நான் பதினொண்ணரைக்கு வந்துடறேன்" என்றாள் கலாவதி. "நைனா சாப்பிடுவாரு அப்ப."

"வா" என்றாள் கங்கையம்மாள். தண்ணீரைக் குடித்துச் சொம்பைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினாள். மற்ற வீடுகளுக்குப் போகவில்லை.

துணை ஆய்வாளர் தர்மன் சைக்கிளில் வந்தார். பின்னால் இன்னொரு சைக்கிளில் பியூன், கேரியரில் கட்டுக் காகிதம். தர்மனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பேன்ட் சங்கிலியில் சிக்காமலிருக்கக் காலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். வீராசாமியின் வகுப்புகளைப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு இந்த அறைக்கு வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். எண்ணினார். மேசையிலிருந்த பதிவேட்டைத் திறந்தார். திரும்பவும் எண்ணினார்.

"மத்தவங்க எங்க?"

"தண்ணி குடிக்கப் போயிருக்காங்க சார்" என்றார் வீராசாமி.

"முப்பத்திரண்டு பேருமா?"

"வெயில் சார்."

தர்மன் சன்னல் வழியாகப் பார்த்தார். வானம் மூடியிருந்தது. வீராசாமியும் பார்த்தார், பிறகு பார்க்காத மாதிரி நின்றுகொண்டார்.

"தண்ணி குடிக்கப் போகல சார்" என்றாள் கங்கையம்மாள். "அவங்க இன்னும் வரவே இல்ல. வருவாங்கன்னு நெனச்சு நான் முன்னாடியே போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

"முன்னாடியேன்னா?"

"ஒம்போதே முக்காலுக்கு. பேரு கூப்பிடாம."

வீராசாமி வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். தான்தான் போடச் சொன்னது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது, சொல்லவில்லை. அதை அவள் பின்னால் எப்போதும் குறையாகச் சொன்னதில்லை.

"சிவப்பு மை இருக்குதா?" என்றார் தர்மன்.

இருந்தது. அவர் பெயர்களைப் படிக்க, அவள் அடித்தாள். ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார். முப்பத்திரண்டு சுருக்கொப்பம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு யாரோ தண்டனைக் கணக்கு கொடுத்திருப்பதாக நினைத்திருப்பார்கள். 

பிறகு அவர் ஏன் என்று கேட்டார். அவள் சொன்னாள். அமாவாசை எந்த நாள் என்பதில் தான் தவறியதையும், மற்ற நாளில் வகுப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. என் ஃபாரத்துல 'வகுப்பில் கண்டது'ன்னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்குது. சாயங்காலத்துக்குள்ள வரக்கூடியவங்கன்னு கட்டம் இல்ல."

"நாளைக்கு வந்தீங்கன்னா எல்லாரும் இருப்பாங்க சார்."

"நாளைக்கு வாலாஜாபாத். அங்கயும் தேதி குடுத்தாச்சு." கட்டத்தில் ஒன்பது என்று எழுதினார்.

எழுதி முடித்தபோது வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கால்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்து சிலேட்டை எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று பேர். ஒருவனுடைய விரலெல்லாம் அரக்குச் சாயம். தர்மன் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி எண்ணட்டுமா?"

"வேணாம் சார். எண்ணி முடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் வருவாங்க. மொதல்ல வந்ததுல நாலு பேர் எழுந்து போயிடுவாங்க."

பதினொன்றரைக்குக் கலாவதி வந்தாள். நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மற்றவர்களை ஒவ்வொருவராக எழுப்பி அவர் வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கலாவதி இரண்டு நிமிடம் பொறுத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"சார், என்னை மொதல்ல கேட்டுடுங்க."

"ஏன்?"

"எங்க நைனா சோறு துன்னுட்டு எழுந்துடுவாரு. நான் போவணும்."

"என்ன கேக்கட்டும்?"

"எது வேணா கேளுங்க. பெரிசா மட்டும் கேக்காதீங்க, நேரமில்ல."

பியூன் வெளியே திரும்பி நின்று சிரித்தான். தர்மன் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்டார். அவள் நாடா தள்ளுகிற வேகத்தில் சொல்லி முடித்தாள். பதினாறு பதினாறு இருநூற்றைம்பத்தாறு என்று சொல்லும்போதே சிலேட்டைப் பையில் போட்டாயிற்று. பிறகு ஒரு பின்னக் கணக்கு கொடுத்தார். நின்றபடியே போட்டுக் காட்டினாள். சரியாக இருந்தது. "போகட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினாள்.

தர்மன் பன்னிரண்டரை வரை இருந்தார். மற்ற பள்ளிகளில் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. போகும்போது பார்வைப் புத்தகத்தில் இரண்டு பத்தி எழுதினார். வாசிப்பும் கணக்கும் மிக நன்று. வருகையை முன்கூட்டிக் குறித்தது கடும் தவறு, ஆசிரியை மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அதற்குக் கீழே கையெழுத்து. சைக்கிளை எடுக்கும்போது, "பேசாம கூப்ட்டு அனுப்பியிருக்கலாமேம்மா. நான் பத்தரைக்குத்தான வந்தேன்" என்றார்.

"வேலை நாள்ல நான் கூப்பிடறதில்ல சார்."

அவர் கிளிப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ராமலிங்கம் பள்ளிக்கு வந்தார். வேட்டியில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றார்.

"எவனோ பெரிய ஆபீசர் வந்தானாம், வாய்ப்பாடு கேட்டானாம், நீங்க செவப்பு மையில அடிச்சிக்கினு இருந்தீங்களாம். பசங்க சொல்லுது. இன்னா டீச்சர் இது?"

அவள் சொன்னாள்.

"அப்ப நீங்க காலையில வந்தது?"

"ஆமா."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கின்னா? நான் தறிய நிறுத்த மாட்டனா?"

"நிறுத்தியிருப்பீங்கண்ணா."

"அப்பறம்?"

"வெள்ளிக்கெழம முகூர்த்தம் இல்ல அந்தச் சேலை?"

ராமலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அது என் தலவலி. உன்ன யாரு அதப் பத்திக் கவலப்படச் சொன்னது? பதினோரு வருசமா என் மூணு பசங்களுக்கும் எழுத்து சொல்லிக்குடுத்த. எனக்கு ஒரு வேள நிக்கறதுக்கு உரிமயில்லியா?" பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவளை ஒருமையில் பேசியிருந்தார். அது தெரிந்ததும் தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் போறேன் டீச்சர். தறி நிக்குது."

அவர் போன பிறகு அவள் கரும்பலகைக்குத் திரும்பினாள். அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. தான் செய்ததும் தவறு என்று படவில்லை. வந்திருந்த ஐந்து பேருக்கு அன்று ஆறாவது தடவையாக அதே கணக்கைப் போடத் தொடங்கினாள்.

செவிலிமேட்டில் வீட்டுக்கு வந்ததும் கணவர் காசிநாதனிடம் சொன்னாள். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறும் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆக, உங்கப்பன் அமாவாசைய நம்பிப் போஸ்ட்டக் கோட்ட விட்ட."

"அப்பாவ இழுக்காதீங்க. நான்தான் காலண்டரப் பாத்தேன்."

"காலண்டரயும் உங்கப்பன் கண்ணால பாத்தா? தெருவுல ஒருத்தரக் கேக்கறதுக்கின்னா?"

"பதினோரு வருசமா கேக்க வேண்டி வரல. தறி நிக்கும், பசங்க வரும், நான் நடத்துவேன். முன்கூட்டித் தேதி சொல்லுன்னு யாரும் கேட்டதில்ல."

"சரி, வெளக்கத்துல உங்கப்பன் சொன்னாருன்னு எழுதி வெக்காத. ஹெட்மாஸ்டர் போடச் சொன்னாருன்னு எழுது, அந்த வீராசாமி. உண்மதான அது?"

"அவரு சொன்னாரு. போட்டது என் கை."

காசிநாதன் காபி போடப் போனார். அவள் தரையில் உட்கார்ந்து, மூத்த பெண்ணின் நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து, விளக்கத்தை எழுதினாள். பதினைந்து வரி. வீராசாமி பெயர் அதில் இல்லை. அமாவாசையும் இல்லை. பிள்ளைகள் வருவார்கள் என்ற எண்ணத்தில் முன்கூட்டிக் குறித்துவிட்டேன், இனி அவ்வாறு நடக்காது என்று இருந்தது.

அதற்குப் பதில் வர நாலு மாதம் ஆயிற்று. கண்டித்து எச்சரித்திருந்தார்கள். அடுத்த ஜூனில் இரண்டாவது இடத்தை எடுத்துவிட்டு அவளை ஓரிக்கைக்கு மாற்றினார்கள். நாற்பத்தொரு பேரில் பெரிய சாலையைத் தாண்டிப் போய்ப் படித்தவர்கள் பன்னிரண்டு பேர். கலாவதி அதில் இல்லை. ஓரிக்கையில் கங்கையம்மாள் தற்செயல் விடுப்பு எதையும் வேறு காரியத்துக்கு எடுக்கவில்லை, காய்ச்சலுக்குக்கூட. எல்லாவற்றையும் அமாவாசைக்கு வைத்துக்கொண்டு, அன்று பிள்ளையார்பாளையத்துக்கு வந்து பழைய அறையில் உட்கார்ந்தாள். புதிதாக வந்த தலைமையாசிரியர் கண்டும் காணாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். முதல் அமாவாசைக்கு ஏழு பேர் வந்தார்கள், ஆறாவது மாதம் இருபத்தாறு. எந்தக் கிழமை என்பதை முந்தின வாரமே ராமலிங்கத்திடம் ஆளனுப்பிக் கேட்டுக்கொள்வாள். எழுபத்திரண்டில் தெருக்காரர்கள் எழுதிப் போட்ட மனுவின் பேரில் அந்த இடம் திரும்ப வந்தது. அவளும் வந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை, அவள் வழக்கமான டவுன் பஸ்ஸில் வந்தாள். தறி ஓடவில்லை. பத்து மணிக்குள் பிள்ளைகள் ஈரத் தலையோடு வந்தார்கள். பத்து மணிக்குப் பெயர் கூப்பிட்டாள். நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்ன பிறகு கோடு போட்டாள். வீராசாமி விளக்கக் கடிதத்தை வாங்கிப் படித்து, உறையில் போட்டு, தன் செலவில் தபால்தலை ஒட்டினார். காலையில் தசம பின்னம் நடத்தினாள். பிற்பகல் ஆசியாக் கண்டத்து ஆறுகள். மூன்று மணிக்கு மழை வந்தது. கிழக்குப் பக்கம் ஓடு ஒழுகியதால் அந்த வரிசைப் பிள்ளைகளை எழுப்பி மேற்குப் பக்கம் நெருக்கி உட்கார வைத்தாள். நாலு மணிக்கு மணி அடித்தார்கள்.